பூத்தக்காவின் மலையாளம்

"பஸ் போச்சா?" என்று யாராவது கேட்டால், போச்சு என்றோ இல்லை என்றோ அவள் சொன்னதே கிடையாது. "நீ எந்த பஸ்ஸுக்காக்கும்?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவன் பஸ்ஸைச் சொல்லி, ஊரைச் சொல்லி, போகிற காரியத்தில் பாதியையும் சொன்ன பிறகுதான் பதில் வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எதற்கு இப்படிச் சுற்றி வளைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பஸ் போச்சாண்ணு கேக்குதவன் பஸ்ஸைத்தான் தேடுதாம்ணு உனக்கு ஆரு சொன்னா மக்கா? அதுல ஏறிப் போனது ஆருண்ணு தேடுதவனும் அப்படித்தான் கேப்பான்."

அந்த அளவுக்கு யோசிக்கிற ஒருத்தியோடு ஐந்தாறு வருடம் பழகினேன். பழகினேன் என்றுதான் சொல்வேன், நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

பாறசாலையிலிருந்து குன்னத்துகால் போகிற ரோடு பிரியும் முக்கில் அவளுடைய டெலிபோன் பூத்து இருந்தது. சின்ன வயதில் ஒரு கால் சூம்பிப் போனதால் அரசாங்கம் பார்த்துக் கொடுத்த பூத்து. ஊருக்கே அவள் பூத்தக்கா. சொந்தப் பெயர் உண்டு, ஆனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. நான் அவளுக்குச் செய்தது போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீட்டில் போன் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் ஊருக்கு ஒரு விசேஷம், நாங்கள் கேரளத்தின் எல்லையில் இருந்ததால், நடந்து போகிற தூரத்தில் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் இருக்கிற மாமனாரோடு பேசினாலும் வேறு மாநிலம் என்று எஸ்.டி.டி. ஓடும். மற்றபடி பம்பாய்க்குப் பேசுகிறவர்கள், துபாய்க்குப் பேசுகிறவர்கள், துபாயிலிருந்து வருகிற போனுக்காகச் சனிக்கிழமை காலையிலேயே வந்து பெஞ்சில் உட்காருகிறவர்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறைக்குள் நின்று பேச வேண்டும். வெளியே மேசையில் அக்கா. அவள் தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர். மேசையில் ஒரு ரேடியோ.

அந்த ரேடியோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாராவது உள்ளே போய்க் குரலைத் தாழ்த்தினால் அக்கா கை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள். என்ன நாகரிகமான பெண்பிள்ளை, பிறர் ரகசியம் பெஞ்சுக்குக் கேட்கக் கூடாதென்று பார்க்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது: ரேடியோ சத்தமாகப் பாடினால் உள்ளே இருக்கிறவர் இன்னும் சத்தமாகத்தானே பேச வேண்டும்? அன்றிலிருந்து அவள் கை ரேடியோவுக்குப் போகும்போதெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன்.

எனக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். டுட்டோரியல் காலேஜில் கணக்கு வாத்தியார் நான். அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து, நான் படித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அம்மா, நான், எனக்கு ஆறு வயது இளையவளான தங்கை உமா என்று மூன்று பேர். வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருத்தன் என்பதால் எல்லாவற்றையும் நானே கண்டுபிடிக்க வேண்டும், நானே முடிவெடுக்க வேண்டும் என்றொரு நினைப்பு எனக்கு உண்டு. பிறர் சொல்லி நான் கேட்டதாக வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

பூத்துக்கு வருகிறவர்களில் ஒரு விதவை இருந்தாள். அவளுடைய பறம்புத் தோட்டத்தின் மேல் கொழுந்தனுக்குக் கண். ஒரு சனிக்கிழமை அந்தக் கொழுந்தன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவள் வந்து கண்ணாடி அறைக்குள் போனாள். "மக்களே, அடுத்த மாசம் லீவு கிட்டிச்சா? நீ வந்து நின்னா மதில் கெட்டிரலாம்" என்று சவுதியில் இருக்கிற மகனோடு சத்தமாகப் பேசினாள். அக்கா ரேடியோவின் பக்கம் கை நீட்டவே இல்லை. தற்செயலாக நான் மேலே பார்த்தேன். மீட்டரில் எல்லாம் பூஜ்யம். எதிர்முனையில் யாருமே இல்லை. அவள் வெறும் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அக்கா ஒரு ரசீதைக் கிழித்து நீட்டினாள். "இன்னிக்கு லைன் நல்லா கிட்டிச்சு, இல்லியா?" என்று கேட்டாள். விதவை ஆமாம் என்று பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். கொழுந்தன் எழுந்து போன பிறகு நான் மேசைக்குப் பக்கத்தில் போய், "அக்கா, மீட்டர் ஓடவே இல்லியே" என்றேன்.

"பாத்தியா? பாத்தா வாயை மூடிக்கோ." ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "ஓடல்லேண்ணு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்ணு அவளுக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. அது போதும்."

"ரூபா வாங்கினீங்களே?"

"வாங்காம விட்டா அவன் சம்சயப்பட மாட்டானா? அடுத்த வாரம் அவ வந்தா திருப்பிக் குடுப்பேன்."

கொடுத்தாள், அதையும் பார்த்தேன். வேறொருவன் இதைப் பார்த்திருந்தால் நல்ல மனசு என்று நினைத்திருப்பான். நான் நினைத்தது வேறு. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் ஒரு பெஞ்சையே ஏமாற்றத் தெரிந்தவளுக்கு, என்னை ஏமாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

இந்த நினைப்போடுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கூட்டாளியாகச் சீட்டாட உட்கார்வேன். எங்கள் பக்கம் ஐம்பத்தாறு என்று ஒரு சீட்டு விளையாட்டு உண்டு. ஆறு பேர், மும்மூன்று பேராக இரண்டு கட்சி, கட்சி மாறி மாறி வட்டமாக உட்கார வேண்டும். யாருடைய சீட்டையும் யாரும் பார்க்கக் கூடாது. ஆனால் எத்தனை புள்ளி பிடிப்போம் என்று ஆளாளுக்கு ஏலம்போல விளிக்க வேண்டும். அந்த விளிதான் விளையாட்டே. என் கையில் என்ன இருக்கிறது என்று என் கூட்டாளிக்கு அந்த விளியிலேயே தெரிய வேண்டும். அதே விளியை எதிராளியும் கேட்டுக்கொண்டிருப்பான். தோற்ற கட்சி பலா இலையைச் சுருட்டி தென்னை ஈர்க்கால் குத்தி, குணுக்கு என்று காதில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். காலேஜில் பிள்ளைகளை அதட்டுகிற வாத்தியார் காதில் பலா இலையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே பூத்துக்குப் பின்வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள்.

எங்கள் கட்சியில் அக்கா, நான், உமா. எதிர்க்கட்சிக்கு மருந்துக்கடைக்காரர் தலைவர். இரண்டு பேரை எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வருவார்.

விளிக்கிறதைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது சட்டம். ஆனால் சீட்டை அடுக்கும்போது தனக்குத்தானே முணுமுணுப்பதை யார் தடுக்க முடியும்? அக்கா ஓயாமல் முணுமுணுப்பாள். எங்கள் ஊரில் தமிழும் மலையாளமும் கலந்துதான் வாயில் வரும். ஒரு பேச்சு எந்த இடத்தில் தமிழைவிட்டு இறங்கி மலையாளத்தில் ஏறுகிறதென்று வெளியூர்க்காரனுக்குப் பிடிபடாது. எங்களுக்கே கவனித்தால்தான் தெரியும். நான் கவனித்தேன். "நல்ல சீட்டாக்கும் வந்திருக்கு" என்று தமிழில் முணுமுணுத்தால் அவள் கையில் உண்மையிலேயே நல்ல சீட்டு இருந்தது. "நல்ல சீட்டா கிட்டியது" என்று மலையாளத்தில் சொன்னால் கையில் ஒன்றுமில்லை. மலையாளம் மற்றவர்கள் காதுக்கு, தமிழ் நமக்கு.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடம்கூட. சரியாகச் செய்தால் அவள் கண்ணோரத்தில் ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான். அதன் பிறகு மருந்துக்கடைக்காரர் காதில்தான் பலா இலை தொங்கியது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

இப்படியிருக்கும்போதுதான் உமாவுக்கு ஒரு இடம் வந்தது. அமரவிளைப் பக்கம் நல்ல குடும்பம், எங்கள் ஆட்கள். பையன் துபாயில் ஸ்டோர்கீப்பர். உமாவைப் பார்த்துவிட்டுப் போய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உமா அப்போது நர்சிங் படிக்க டெல்லிக்கு அப்ளிகேஷன் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நம் குடும்பத்தில் யாரும் நோயாளிக்கு மலச்சட்டி எடுத்ததில்லை என்று நான் சொன்னேன். பேச்சு அதோடு முடிந்தது. முடிந்தது என்று நான் நினைத்தேன்.

நிச்சயத்துக்கு எட்டு நாள் இருந்தது. பையனைப் பற்றி விசாரிக்க வேண்டும். அக்காவைவிட வேறு யாரிடம் விசாரிப்பது? பையனுடைய தாய்மாமன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுடைய பூத்தில் வந்துதான் துபாய் போனுக்குக் காத்திருப்பார். அந்தப் பையன் பேசியதெல்லாம், ரேடியோ பாடினாலும் பாடாவிட்டாலும், அவள் காதுக்குப் போயிருக்கும்.

நான் போனபோது தாய்மாமன் பெஞ்சில் இருந்தார். இன்னொருவனாக இருந்தால் பிறகு வருகிறேன் என்று திரும்பியிருப்பான். எனக்கோ அவர் இருந்தது வசதியாகத்தான் பட்டது. அவர் எதிரிலேயே கேட்பேன், அவர் எதிரிலேயே எனக்கு மட்டும் பதில் வரும். அவரும் அக்காவும் மழை பிடிக்காததைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எங்க வீட்டுக் காரியம் கேட்டிருப்பீங்க. என்ன சொல்லுதீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மாமனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நல்ல கூட்டரா சாரே. ஒந்நும் ஆலோசிக்கண்டா. தைரியமாயிட்டு நடத்திக்கோ."

நல்லவர்கள், யோசிக்க வேண்டாம், தைரியமாக நடத்து. மாமன் முகம் மலர்ந்தது. எனக்குக் கேட்டது வேறு. தமிழில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு ஒரே நொடியில் மலையாளத்துக்கு மாறியிருந்தது. எப்போதும் மக்கா என்று கூப்பிடுகிறவள் சாரே என்றாள். கையில் ஒன்றுமில்லை என்று இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, வாறேன் என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன். ஆள் சரியில்லை, வேண்டாம் என்றேன். அம்மா காரணம் கேட்டாள். பெண் குழந்தை காரியம், தோண்டித் துருவ வேண்டாம் என்று அதட்டினேன். அம்மா அழுதாள். உமா மட்டும் மத்தியானம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்குப் பசி எடுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நின்றுபோன கல்யாணம் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்ணிடம் என்ன குறை என்று ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அம்மாவே சொல்ல, நான் தலையைக் குனிந்துகொண்டு உமாவை டெல்லிக்கு ரயிலேற்றிவிட்டேன், நர்சிங் படிக்க.

ஆறு மாதம் கழித்து அதே பையனுக்குக் கல்யாணம் ஆனது. பெண், பூத்தக்காவின் அண்ணன் மகள்.

கேள்விப்பட்ட அன்று நான் காலேஜுக்குப் போகவில்லை, நேராகப் பூத்துக்குப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். "உங்க அண்ணன் மகளுக்கு வேணும்ணா நேர கேட்டிருக்கலாமே. எதுக்கு எனக்க தங்கச்சி தலையில மண்ணை அள்ளிப் போட்டீங்க?" என்று கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். அவளுடைய காலைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னேன். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. "நான் என்ன சொன்னேன்? நல்ல கூட்டருண்ணு சொன்னேன். தைரியமா நடத்துண்ணு சொன்னேன். இதுல எது பொய்? நீயே சொல்லு" என்றாள், தமிழில்.

சொல்ல வாய் எடுத்தேன். பெஞ்சின் ஓரத்தில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் மலையாளத்தில் அல்லவா சொன்னீர்கள் என்று நான் கேட்டால், அதற்கென்ன என்று அவர் கேட்பார். இத்தனை வருடம் அவர் காதில் பலா இலை தொங்கியது எப்படி என்பது வெளியே வரும். ஊரே சிரிக்கும். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு சீட்டும் நின்றது, பேச்சும் நின்றது. போன் பேச வேண்டுமென்றால் பாறசாலை வரை நடந்து போனேன்.

அவள் எப்படி என்னை ஏமாற்றினாள் என்பது மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த நாட்களில் காலேஜ் லைப்ரரியில் ஆட்டக் கோட்பாடு பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவன் சொல்வதை மற்றவன் எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதைக் கட்டம் போட்டுக் கணக்காகவே சொல்லியிருந்தது. சொல்வதால் சொல்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் பார், பிறகு சொல்லைப் பார் என்பதுதான் நான் அதில் புரிந்துகொண்ட சாரம். நானும் ஒரு தாளில் கட்டம் போட்டேன். இந்தப் பக்கம் அவள்: மெய் சொல்கிறாள், பொய் சொல்கிறாள். மேலே நான்: நம்புகிறேன், நம்பவில்லை. நான்கு கட்டம். அவள் மெய் சொல்லி நான் நம்பாத கட்டத்தில் அவளுடைய அண்ணன் மகள் உட்கார்ந்திருந்தாள். கணக்கு சரியாக வந்தது. தாளை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன், யாரிடமோ காட்டி நியாயம் கேட்கப் போகிறவன் மாதிரி.

நான்கு வருடம் கழித்து உமா லீவுக்கு வந்தாள். டெல்லியில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. நடையே மாறியிருந்தது. வந்த மறுநாள் காலையில் பூத்தக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் வாழ்க்கையைக் கெடுத்தவளிடம் உனக்கென்ன பேச்சு என்று கேட்டு, அந்தத் தாளை எடுத்து வந்து கட்டம் கட்டமாக விளக்கினேன். சீட்டுச் சங்கேதத்தையும் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் கடைசி வரை கேட்டாள். "அண்ணா, மலையாளம்ணா பொய்யி, தமிழ்ணா மெய்யி. அது எனக்கும் தெரியுமே" என்றாள். "நானும் அந்தக் கட்சியிலதானே இருந்தேன்?"

நான் அவளைப் பார்த்தேன்.

"அக்கா மலையாளத்துல சொன்னா உடனே நீ கண்ணாடியை மேலே தள்ளுவே. புரிஞ்சு போச்சுண்ணு அர்த்தம். மருந்துக்கடைக்காரருக்குக்கூட அது தெரியும். பாவம், எதுக்குண்ணுதான் தெரியாது."

"அதுக்கு?"

"நான்தான் அக்காகிட்ட போய் அழுதேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், படிக்கப் போணும்ணேன். அண்ணன் விசாரிக்க இங்கதான் வருவான், மலையாளத்துல நல்லவங்கண்ணு சொல்லுங்கண்ணேன். நல்ல பையனைக் கெட்டவன்ணு சொல்ல மாட்டேன்ணு அக்கா முதல்ல சம்மதிக்கல்ல. கெட்டவன்ணு ஆரு சொல்லச் சொன்னா, நல்லவன்ணுதானே சொல்லச் சொல்லுதேன், மிச்சத்தை அண்ணன் பாத்துக்குவான்ணு சொன்னேன்."

"எங்கிட்ட நேர சொல்லியிருக்கலாமே உமா."

"சொன்னேனே அண்ணா. ரெண்டு தடவ சொன்னேன். நீ கேட்டியா?" அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நான் வேண்டாம்ணா எவன்கூட பழக்கம்ணு கேட்டிருப்பே. நீயா கண்டுபிடிச்சாத்தான் நீ நம்புவே."

அக்காவின் அண்ணன் மகள் காரியம் என்ன என்று கேட்டேன், மூழ்குகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிக்கிற மாதிரி.

"அது எனக்கும் தெரியாது. பிறகு தானா வந்ததாகவும் இருக்கலாம். அக்கா அன்னைக்கே மனசுல வச்சிருந்ததாகவும் இருக்கலாம். எனக்கு வேண்டியது எனக்குக் கிட்டிச்சு. நீ நாலு பேரு முன்னால அந்தப் பேச்சு பேசும்போது, உமா சொல்லித்தான் செய்தேன்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ என்னை டெல்லியிலேருந்து திருப்பிக் கூட்டிட்டு வந்திருப்பே. அவங்க சொல்லல்ல."

தாளை எடுத்துப் பார்த்தேன். நான் போட்ட கட்டத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது ஆள் என் வீட்டில், என் கட்சியில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். என் தங்கைக்கு என்ன வேண்டும் என்பதற்கு அந்தத் தாளில் நான் ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது.

மறுநாள் மத்தியானம் நான் பூத்துக்குப் போனேன். நான்கு வருடத்துக்குப் பிறகு. பெஞ்சு காலியாக இருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அக்காவின் முன்தலை நரைத்திருந்தது. கைத்தடி மேசையில் சாய்ந்திருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"உமா எல்லாம் சொன்னா அக்கா. நான் அன்னைக்குப் பேசினது... அந்தப் பேச்சு பேசியிருக்கக் கூடாது" என்றேன். "எங்கிட்ட கோவம் உண்டா?"

கை நீட்டி ரேடியோவை அணைத்தாள். அவள் அதை அணைத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு கிராம்பை எடுத்தாள், போடாமல் திரும்ப டப்பாவில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏய், எனிக்கு சாரினோடு ஒரு விரோதவும் இல்லா" என்றாள், மலையாளத்தில்.

யாராவது வந்துவிட்டார்களோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். பூத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.